சிவக்காத முதுகு

காசிலிங்கத்தின் மனைவி சின்னப்பொண்ணு மீன் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, அவளைக் கொண்டுபோன மருத்துவமனையில் படுக்கைப்புண் ஒழிக்கப்பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இது காசிலிங்கத்துக்குத் தெரியாது. அவர் வைத்திக்குப்பத்துக்காரர். முட்டி தேய்ந்ததால் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, மனைவிக்கு மீன் கூடை தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். மருத்துவமனை என்றால் உடம்பு முடியாதவர்களைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் என்பதற்கு மேல் அவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். 'படுக்கைப்புண் இல்லாத மருத்துவமனை தங்களை அன்புடன் வரவேற்கிறது.' அதில் இயக்குநர் கைகூப்பி நின்றார். பக்கத்தில் தரமேம்பாட்டுத் துறைத் தலைவர் டாக்டர் கலைவாணன், நெஞ்சின் மேல் கைகட்டி, தூரத்தில் எதையோ வென்றுவிட்டவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த சின்னப்பொண்ணு, "இன்னாய்யா எழுதிருக்குது?" என்று கேட்டாள்.

காசிலிங்கம் எழுத்துக் கூட்டிப் படித்தார். "இங்க புண்ணு கிடையாதாம்."

"எனக்குப் புண்ணு இல்லியே, எலும்புதான ஒடஞ்சிருக்குது. எலும்பு பாப்பாங்களான்னு கேளு."

பார்ப்பார்கள் என்றுதான் தெரிந்தது. ஆனால் உடனே அல்ல. சர்க்கரை மிக அதிகமாக இருக்கிறது, அது இறங்கிய பிறகுதான் ஆப்பரேஷன் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை படுத்தே கிடக்க வேண்டும். பெண்களும் ஆண்களும் ஒரு தடுப்புச் சுவருக்கு இரண்டு பக்கமும் கிடந்த நீள வார்டில், சுவர் ஓரமாக ஒரு கட்டில் கிடைத்தது. ரெக்சின் மெத்தை. நடுவில் ஒரு குழி. இதற்கு முன் படுத்திருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அதை உண்டாக்கியிருந்தார்கள். சின்னப்பொண்ணை அதில் இறக்கியதும் சரியாகப் பொருந்திக்கொண்டாள்.

வார்டு நர்ஸ் சத்யப்பிரியா வந்து காசிலிங்கத்திடம் வேகமாகப் பேசினாள். அவள் எப்போதும் வேகமாகத்தான் பேசினாள். பேச்சை முடிப்பதற்குள் இன்னொரு கட்டிலிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள்.

"ஒரே பக்கமா படுத்துக் கெடக்கக் கூடாதுய்யா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வைக்கணும். கால் நடுவுல தலகாணி வெச்சி ஒருத்தரு கால ஆடாமப் புடிக்கணும், இன்னொருத்தரு இடுப்பத் திருப்பணும். தனியா செய்யாதீங்க, எலும்பு நவுந்துடும்."

"ரெண்டாவது ஆளு யாரும்மா?"

சத்யப்பிரியா வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். அவளைத் தவிர வெள்ளைச் சீருடையில் யாரும் இல்லை.

"இன்னொரு சிஸ்டர் இருக்காங்க. அவங்கள படுக்கைப்புண் தடுப்புக் குழுவுல போட்டுட்டாங்க. அங்க போஸ்டர் வரையறாங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் ஆலேன் என்ற முதியவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர். பிள்ளைகள் பிரான்சில். அவருடைய மனைவி மார்கரீத், கவுன் அணிந்த ஒல்லியான பெண்மணி, சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"மிஸ்யே, நீங்க வந்து இவரத் திருப்ப எனக்கு ஒரு கை குடுங்க. நான் வந்து உங்க மதாமுக்கு ஒரு கை குடுக்கிறேன்."

தன்னை மிஸ்யே என்றும் தன் பெண்டாட்டியை மதாம் என்றும் பிரெஞ்சு மரியாதையோடு யாரும் சொல்லிக் காசிலிங்கம் கேட்டதில்லை. சரி என்றார். அன்றிலிருந்து அந்த வார்டில் படுக்கைப்புண் தடுப்பு என்று ஏதாவது நடந்தது என்றால், அது அந்த இரண்டு பேரும் சுவரைச் சுற்றிச் சுற்றி நடந்ததுதான்.

காலையில் உறுதிமொழி உண்டு. நர்சுகள், ஆயாக்கள், வாட்ச்மேன், கேண்டீன்காரர் வரை எல்லோரையும் வார்டு நடுவில் வரிசையாக நிற்கவைத்துக் கலைவாணன் முன்னால் நிற்பார். எல்லோரும் வலது கையை நீட்டுவார்கள். "நோயாளியை உரிய நேரத்தில் திருப்பிப் படுக்கவைப்பேன் என்றும், அவர்தம் தோலை என் தோலாக எண்ணுவேன் என்றும்..." என்று அது போகும். தமிழில் முடிந்ததும் ஆங்கிலத்தில். பிறகு புகைப்படம். புகைப்படத்தில் கைகள் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் மறுபடியும்.

சின்னப்பொண்ணு இரண்டாம் நாளே அதன் நடுவில் குரல் கொடுத்துவிட்டாள். மீன் விற்ற குரல்.

"இந்தாம்மா, இடுப்பு எரியுது. யாராவது கொஞ்சம் திருப்பி வுடுங்களேன்!"

நீட்டிய கைகள் அசையவில்லை. கலைவாணன் மட்டும் திரும்பி, மிகவும் கனிவாக, "அம்மா, நோயாளியைத் திருப்புறதைப் பத்திதான் உறுதிமொழி எடுத்துட்டிருக்கோம். தொந்தரவு பண்ணாம அசையாமப் படுத்திருங்க" என்றார்.

மெத்தையில் காற்று நிரப்பிய படுக்கை ஒன்று உண்டு, தானாகவே ஏறி இறங்கும், புண் வராது என்று மார்கரீத் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். அது இந்த மருத்துவமனையிலேயே இருப்பதாகவும் சொன்னார். காசிலிங்கம் தேடிக்கொண்டு போனார். மூன்றாம் மாடியில் பயிற்சிக் கூடம். கண்ணாடிக் கதவு, ஏசி. நடுவில் அந்தக் காற்றுப் படுக்கை, மெல்ல முனகியபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பொம்மை படுத்திருந்தது.

ஆள் உயரப் பொம்மை. ரோஜா நிறத் தோல். பொன்னிற முடி. பிரான்சிலிருந்து யாரோ நன்கொடையாக அனுப்பியது. லோரா என்று பெயர் வைத்திருந்தார்கள். நர்சிங் மாணவிகள் ஐந்தாறு பேர் அதைச் சூழ்ந்து நின்று, ஒருத்தி காலைப் பிடிக்க, ஒருத்தி இடுப்பைத் திருப்ப, ஒருத்தி முதுகில் க்ரீம் தடவ, ஒருத்தி கால் நடுவில் தலையணை வைத்தாள். தலையணை புதியது. காசிலிங்கம் வாசலில் நின்று முழுவதையும் பார்த்தார். இவ்வளவு நன்றாக ஒருவரைத் திருப்பிப் படுக்கவைக்க முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

கலைவாணன் அவரைப் பார்த்துவிட்டார். பார்வையாளர்கள் வந்தால் அவருக்குப் பிடிக்கும்.

"பாருங்க, நல்லாப் பாருங்க. இந்தப் படுக்கை வந்ததுலேர்ந்து லோராவுக்கு ஒரு புண்ணு வரல. ஒண்ணுகூட. இதுதான் எங்க திட்டத்தோட வெற்றிக்கு ஆதாரம். டெல்லியிலேர்ந்து வந்தவங்களே ஆச்சரியப்பட்டாங்க."

"சார், எம் பொண்டாட்டிய இதுல கொஞ்ச நாள் படுக்க வெக்கலாங்களா? பொம்மையத் தரையில வெச்சாகூடப் போதும் இல்லீங்களா?"

கலைவாணன் பொறுமையாகச் சிரித்தார். "நோயாளி வருவாங்க, போவாங்க. லோரா நிரந்தரம். உங்க மனைவியப் படுக்க வெச்சு ஒருவேளை புண்ணு வந்துடுச்சுன்னா? படுக்கைக்கே கெட்ட பேரு வந்துடும்."

இது நியாயமா இல்லையா என்று காசிலிங்கத்துக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

அதற்குள் மார்கரீத் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்துவிட்டார். ஆலேனைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்தார். அவன் பெரும்பாலும் கேண்டீனில் இருந்தான். காசிலிங்கம் தனியாகத் திருப்பப் பார்த்தார். சின்னப்பொண்ணு கத்திய கத்தலில் கையை எடுத்துவிட்டார். சத்யப்பிரியா ஓடி வரும்போதெல்லாம் திருப்பினார்கள். அவள் வராதபோது சின்னப்பொண்ணு குழியில் கிடந்தாள்.

மார்கரீத் திரும்பி வந்த அன்றைக்கு இருவரும் சேர்ந்து திருப்பியபோதுதான், முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கன்றிப்போயிருப்பதைப் பார்த்தார்கள். தொட்டால் சூடாக இருந்தது. அழுத்தினால் கல் மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் ஆலேனின் முதுகிலும் அதேபோல ஒரு இடம் இருந்தது.

சத்யப்பிரியா குனிந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நான் மேல சொல்றேன்" என்றாள். சொல்லும்போது அவள் முகம், திருடியதை ஒப்புக்கொள்ளப் போகிறவள் முகம் மாதிரி இருந்தது.

தடுப்புக் குழு வந்தது. கலைவாணனோடு நான்கு பேர். ஒருவர் கையில் வண்ணப் படங்கள் அச்சடித்த அட்டை. அட்டையை முதுகுக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார்கள். அட்டையிலிருந்த முதுகு லோராவின் முதுகைப் போல இருந்தது.

"சிவப்பா இல்லையே" என்றார் கலைவாணன்.

"இல்லீங்க" என்றார் காசிலிங்கம்.

"முதல் நிலைன்னா தோல் சிவக்கணும். அட்டையில பாருங்க, எவ்ளோ தெளிவா சிவப்பு. இங்க சிவக்கலயே."

"அவ கறுப்புங்க. சிவக்க மாட்டா."

குழு இதை யோசித்தது. இப்படி ஒரு சிக்கல் இதுவரை வந்ததில்லை என்று ஒருவர் சொன்னார். வார்டில் இருந்த அத்தனை பேரும் கிட்டத்தட்ட சின்னப்பொண்ணின் நிறம்தான் என்பதைக் காசிலிங்கம் கவனித்தார்.

"அப்ப இது முதல் நிலை இல்ல" என்று கலைவாணன் முடித்தார். "தோல் சார்ந்த ஒரு நிகழ்வு. கவனிப்போம்."

கவனித்தார்கள். அந்த வாரத்திலேயே கன்றிய இடத்தில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தோல் உரிந்து, உள்ளே சதை தெரிந்தது. சின்னப்பொண்ணு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மார்க்கெட்டில் பாதி விலைக்குக் கேட்கிறவர்களைக் கூடச் சிரிக்கவைத்து அனுப்புகிறவள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். குழு மறுபடியும் வந்தது.

"கொப்புளம்னா அது இரண்டாம் நிலை" என்றார் கலைவாணன். "ஆனா முதல் நிலை இல்லாம இரண்டாம் நிலை வராது. இவங்களுக்கு முதல் நிலை வரலைன்னு நாமதானே முடிவு பண்ணோம்?" குழு தலையாட்டியது. "அப்ப இது வீட்டுலேர்ந்தே வந்திருக்கணும். ஏங்க, வீட்ல இவங்க எவ்ளோ நேரம் படுத்திருப்பாங்க?"

"படுக்கவே மாட்டாளே சார். விடியறதுக்கு முன்னாடி மீன் எடுக்கப் போயிடுவா. அப்புறம் நாளெல்லாம் தெருத்தெருவா நடை."

"உக்காருவாங்க இல்ல?"

"உக்காருவா."

"உக்காந்ததுலதான்" என்றார் கலைவாணன் நிம்மதியாக.

புண் வீட்டிலிருந்து வந்தது என்று முடிவானதும் அது மருத்துவமனையின் புண் இல்லை என்றாகிவிட்டது. ஆகவே அதற்கு மருந்தும் கட்டுத் துணியும் ஸ்டோரிலிருந்து தர வழியில்லை. ஸ்டோரில் படுக்கைப்புண் என்று சொன்னாலே, "அது ஒழிஞ்சிடுச்சே சிஸ்டர்" என்று திருப்பி அனுப்பினார்கள். சத்யப்பிரியா கடைசியில் பூச்சிக்கடி என்று சொல்லி மருந்து வாங்கி வந்தாள். புண்ணைக் கழுவிக் கட்டும்போது சின்னப்பொண்ணு காசிலிங்கத்தின் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூன்று நாளைக்குப் பூச்சிக்கடியாகவே இருந்தது. நான்காம் நாள், வார்டில் பூச்சித்தொல்லை அதிகமாகியிருப்பதாக நிர்வாகத்துக்குத் தெரியவந்து, முதுகில் டப்பா கட்டிய இரண்டு பேர் வந்தார்கள். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். எழுந்து போக முடிந்தவர்கள் போனார்கள். போக முடியாதவர்களின் முகத்தில் துண்டு போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியிலெல்லாம் மருந்தடித்தார்கள். சின்னப்பொண்ணு துண்டுக்குள்ளிருந்து, "யோவ், இங்க இன்னாய்யா பண்றாங்க?" என்று கேட்டாள்.

"பூச்சிய ஒழிக்கிறாங்களாம்."

"எந்தப் பூச்சிய?"

"உன்னக் கடிச்ச பூச்சிய."

அவள் இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு மதிப்பீட்டுக் குழு வரப்போகும் செய்தி வந்தது. நாட்டிலேயே சில மருத்துவமனைகளுக்கு மட்டும் தரப்படும் ஒரு விருதுக்காக, வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்து ஒவ்வொரு நோயாளியின் முதுகையும் பார்க்கப் போகிறார்கள். மருத்துவமனையில் சுண்ணாம்பு வாசம் அடிக்க ஆரம்பித்தது. குழி விழுந்த மெத்தைகள் மேல் புதிய விரிப்புகள் வந்தன.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மாலை கலைவாணன் காசிலிங்கத்தையும் மார்கரீத்தையும் தனியாக அழைத்தார்.

"நாளைக்கு உங்க ரெண்டு பேர் நோயாளிகளுக்கும் காற்றோட்ட சிகிச்சை. ஆம்புலன்ஸ்ல கொஞ்சம் ஊரைச் சுத்திட்டு வரலாம். இங்கயே அடைஞ்சு கெடந்தா மனசு பாதிக்கும் இல்லியா?"

"தோக்தேர்," என்றார் மார்கரீத், "முதுகப் பாக்க ஆளுங்க வர்ற அன்னிக்கா இந்தச் சிகிச்ச?"

கலைவாணன் அவரைப் பார்க்காமல் காசிலிங்கத்தைப் பார்த்தார். "ஆப்பரேஷன் லிஸ்ட்ல உங்க மனைவி பேரு இருக்கு. விருது வந்தா தியேட்டருக்குப் புது மெஷின் வரும். விருது வரலன்னா என்னென்ன தள்ளிப்போகும்னு எனக்கே தெரியாது. நான் எதுவும் சொல்லல. நீங்களே யோசிங்க."

காசிலிங்கம் யோசித்தார். யோசிக்க அதில் எதுவும் இல்லை.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அரிகிருஷ்ணன் நல்ல மனிதர். போன் வரும்வரை திரும்பி வரக்கூடாது என்று தனக்குச் சொல்லியிருப்பதாக முதலிலேயே சொல்லிவிட்டார். வண்டி லாஸ்பேட்டையில் ஏர்போர்ட் சாலையில் இரண்டு சுற்றுச் சுற்றியது. தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டை லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. குறுகலான பலகை போன்ற ஸ்ட்ரெச்சரில் சின்னப்பொண்ணு மல்லாந்து கிடந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் புண் பலகையில் இடித்தது. திருப்ப இடமில்லை. காசிலிங்கம் தன் உள்ளங்கையை அவள் முதுகுக்கும் பலகைக்கும் நடுவில் கொடுத்து வைத்திருந்தார். கை மரத்துப்போனதும் மற்ற கையை வைத்தார்.

எதிர்ப் பலகையில் ஆலேன் கண்ணைத் திறந்து, "பெர்மிசியோன்?" என்று கேட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் சில சொற்களே மிச்சமிருந்தன. பட்டாளத்தில் லீவுக்கு அந்தச் சொல்.

"ஆமா," என்றார் மார்கரீத், அவர் வாயைத் துடைத்துவிட்டபடி. "பெர்மிசியோன்தான். வூட்டுக்குப் போறோம்."

முத்தியால்பேட்டை கடைத்தெருவில் வண்டி ஊர்ந்தபோது, மீன் கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். ஆதிலட்சுமி. சின்னப்பொண்ணோடு சேர்ந்து வியாபாரம் செய்கிறவள்.

"ஏய் சின்னப்பொண்ணு! ஆப்பரேஷன் முடிஞ்சிடுச்சா? வூட்டுக்கு வந்துட்டியா?"

"இல்லடி," என்றாள் சின்னப்பொண்ணு. "சாமி ஊர்வலம் வுட்றாங்க."

ஆதிலட்சுமி சிரித்தாள். சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, நகரும் வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

வெயில் சாய்ந்த பிறகு போன் வந்தது. வார்டுக்குத் திரும்பியபோது சின்னப்பொண்ணின் கட்டிலில் ஒரு நர்சிங் மாணவி, நோயாளி உடுப்பில், போர்வையை விலக்கி எழுந்துகொண்டிருந்தாள். ஆலேனின் கட்டிலில் கேண்டீன் பையன் ஒருவன். மதிப்பீட்டுக் குழு இருவர் முதுகையும் பார்த்துவிட்டுப் பாராட்டிப் போயிருந்தது.

மாணவி இடுப்பைத் தேய்த்துக்கொண்டே காசிலிங்கத்திடம் சொன்னாள்: "ஐயா, இந்த பெட்டு ரொம்பக் குழியா இருக்கு. ஒரு மணி நேரந்தான் படுத்தேன், முதுகு கழண்டு போச்சு. இதுல எப்படிய்யா படுக்கறாங்க?"

அன்று இரவே சின்னப்பொண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. கட்டைப் பிரித்தபோது வாடை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆலேனுக்கு நெஞ்சில் சளி கட்டி, அந்த வாரக் கடைசியில் இறந்துபோனார். உடம்பைக் கழுவும்போது மார்கரீத் கலைவாணனைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்தார்.

"பாருங்க, மிஸ்யே" என்று மார்கரீத் ஆலேனின் முதுகுப் புண்ணிலிருந்து துணியை விலக்கினார்.

கலைவாணன் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா அவரு இப்ப நம்ம நோயாளி இல்ல" என்றார்.

மார்கரீத் காசிலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வண்டியில் கணவரின் பக்கத்தில் ஏறிப் போனார். அதோடு காசிலிங்கத்துக்கு இரண்டாவது ஆள் இல்லாமல் போனது.

எலும்பு டாக்டர் வந்து புண்ணைப் பார்த்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. ஆனால் அவர் இல்லை என்று தலையாட்டினார். "இவ்ளோ பெரிய படுக்கைப்புண்ண வெச்சிக்கிட்டு ஆப்பரேஷன் பண்ண முடியாது. சீழ் எலும்புக்குப் போயிடும். புண்ணு ஆறட்டும்."

காசிலிங்கம் தரமேம்பாட்டுத் துறைக்கு ஏறிப் போனார். வாழ்க்கையில் அவர் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. வலையை நண்டு அறுத்துவிட்டால் நண்டைக்கூடத் திட்டமாட்டார். கதவைத் தட்டி, உள்ளே போய், நின்றுகொண்டே கேட்டார்.

"சார், எனக்கு ஒண்ணும் புரியல. எலும்பு டாக்டரு புண்ணு இருக்குது, அதனால ஆப்பரேஷன் இல்லன்றாரு. நீங்க புண்ணு இல்ல, அதனால மருந்து இல்லன்றீங்க. புண்ணு இருந்தா மருந்து குடுங்க. இல்லன்னா ஆப்பரேஷன் பண்ணுங்க. ரெண்டுல எதுவோ ஒண்ணு சொல்லுங்க சார்."

கலைவாணன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரொம்ப நல்ல கேள்வி" என்றார். "இவ்ளோ வருஷத்துல இப்படித் தெளிவா யாரும் கேட்டதில்ல. அடுத்த கூட்டத்துல கண்டிப்பா வைக்கிறேன். உங்க மாதிரி அக்கறையான உறவினர்தான் எங்களுக்குத் தேவை."

அப்போது கலைவாணனுக்கு ஒரு யோசனை வந்தது. அது முகத்திலேயே தெரிந்தது.

விருது விழாவுக்கு மருத்துவமனையின் தரைத்தள மண்டபத்தை ஜோடித்திருந்தார்கள். வார்டுகளில் இருந்த நர்சுகளையெல்லாம் பட்டுப்புடவை கட்டவைத்துப் பன்னீர் தெளிக்க நிறுத்தியிருந்தார்கள். சத்யப்பிரியா தாம்பாளத்தோடு வாசலில் நின்றாள். காசிலிங்கம் உள்ளே போகும்போது, "மேல யாருமே இல்லய்யா, சீக்கிரம் போயிடுங்க" என்று காதில் சொன்னாள்.

அவரைச் சிறந்த உறவினர் என்று மேடையில் உட்காரவைத்தார்கள். லோராவையும் காற்றுப் படுக்கையோடு மேடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இயக்குநர் நீளமாகப் பேசினார்.

"படுக்கைப்புண் ஏன் வருகிறது? படுப்பதால் வருகிறது. இதை முதலில் கண்டறிந்தது நம் மருத்துவமனை. மற்ற மருத்துவமனைகள் புண்ணுக்கு வைத்தியம் செய்தன. நாம் புண் என்ற எண்ணத்துக்கே வைத்தியம் செய்தோம். இன்று நம் ஊழியர் ஒருவரிடம் போய்ப் படுக்கைப்புண் எங்கே என்று கேளுங்கள். அவரால் காட்ட முடியாது. காட்ட அவருக்குத் துணிவு வராது. அந்த அளவுக்கு நாம் வளர்ந்திருக்கிறோம்."

பிறகு காசிலிங்கத்திடம் மைக்கைக் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை சொன்னால் போதும், நன்றி என்று சொன்னாலே போதும் என்று கலைவாணன் முன்பே சொல்லியிருந்தார். காசிலிங்கம் எழுந்தார். எதிரே நிறைய முகங்கள். எல்லோரும் டாக்டர்கள், நர்சுகள், பெரிய மனிதர்கள். இத்தனை டாக்டர்களை ஒரே இடத்தில் அவர் பார்த்ததே இல்லை. இவர்களில் யாராவது ஒருவருக்கு இதற்கு வழி தெரியாமலா இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தில்தான் பேசினார். எதிர்க்க வேண்டும் என்றெல்லாம் அவருக்கு எண்ணமில்லை.

"எம் பொண்டாட்டி மாடி வார்டுல படுத்திருக்குறா. முதுவுல குழி வுழுந்துடுச்சு. உள்ள எலும்பு தெரியிற மாதிரி இருக்குது. இங்கதான் வந்திச்சு, நீங்க குடுத்த கட்டில்லதான். யாருகிட்ட காட்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்கள்லாம் படிச்சவங்க. யாராவது ஒருத்தரு கொஞ்சம் மேல வந்து பாருங்க."

சத்யப்பிரியா தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். மூன்றாம் வரிசையில் எலும்பு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இயக்குநர்தான் முதலில் கைதட்டினார். உடனே கலைவாணன். பிறகு முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மண்டபம் முழுவதும்.

இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் குரல் தழுதழுத்தது. "கேட்டீர்களா? ஒரு சாதாரண மீனவர். தன் மனைவியின் முதுகைத் தினம் பார்க்கிறார். உள்ளே எலும்பு தெரிகிறதா என்று கவனிக்கிறார். இந்த விழிப்புணர்வைத்தான் நாம் உருவாக்கியிருக்கிறோம்!"

மறுபடியும் கைதட்டினார்கள். காசிலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொம்மையின் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அவர் மாடிப்படியைப் பார்த்தபடி நின்றார். ஒருவரும் அந்தப் பக்கம் நகரவில்லை.

வார்டில் விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. யாரோ தண்ணீர் கேட்டுக் கொண்டிருந்தார்கள். காசிலிங்கம் அந்தக் கட்டிலுக்குப் போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார். சின்னப்பொண்ணு கண்ணைத் திறந்தாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"ம். பேசச் சொன்னாங்க."

"நீ இன்னா பேசின?"

"முதுவுல குழி வுழுந்துடுச்சுன்னு சொன்னேன். வந்து பாருங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"கை தட்னாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு விளையாட்டுக்குச் சொல்ல வராது என்பது அவளுக்குத் தெரியும்.

"நெறைய பேரா?"

"மண்டபம் ரொம்பிப் போச்சு."

"அவ்ளோ கை இருந்திருக்குது" என்றாள் சின்னப்பொண்ணு. "அதுல ஒரு ரெண்டு கைய இட்டாந்திருக்கக் கூடாதாய்யா?"

காசிலிங்கம் பொன்னாடையை எடுத்து மடித்து அவள் கால்களுக்கு நடுவில் தலையணைக்குப் பதிலாக வைத்தார். அது வழவழவென்று நழுவியது. மறுபடி வைத்தார். வார்டின் கதவு வரைக்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"யாரும் வர மாட்டாங்க" என்றாள் அவள். "நீ இடுப்பப் புடி. கால நான் பாத்துக்கிறேன்."

"உன்னால முடியாது. எலும்பு நவுந்துடும்னு சொன்னாங்க."

"புடிய்யா. எரியுது."

அவர் இரண்டு கைகளையும் அவளுக்கு அடியில் கொடுத்தார். அவள் ஒரு கையால் கட்டில் கம்பியைப் பற்றி, மறு கையால் தன் தொடையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கீழே வேறு யாரையோ மேடைக்கு அழைத்திருப்பார்கள் போல. கைதட்டல் மறுபடியும் கேட்டது. அது ஓயட்டும் என்று அவர் காத்திருந்தார். அது ஓயவில்லை. அவர் திருப்பினார்.